ஒன்பதாம் வகுப்புக் கணக்கை ஒன்பதாம் வகுப்பிலேயே கேளுங்கள்

ஒன்பதாம் வகுப்பில் பிள்ளை படிக்கும் பெற்றோர்களுக்கு,

இன்று இரவு உங்கள் பிள்ளையின் கணக்கு நோட்டை எடுத்துப் பாருங்கள். அட்டையில் ஒன்பதாம் வகுப்பு என்று எழுதியிருக்கும். உள்ளே 'உறவுகளும் சார்புகளும்' என்றோ 'எண்களும் தொடர்வரிசைகளும்' என்றோ தலைப்பு இருந்தால், அது பத்தாம் வகுப்புப் பாடம். ஒன்பதாம் வகுப்புப் புத்தகம் பைக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். கசங்காமல், அட்டை மடங்காமல், கடையில் வாங்கியது போலவே இருந்தால் இந்த மடல் உங்களுக்குத்தான்.

தமிழ்நாட்டில் எல்லாப் பள்ளியும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தனியார் பள்ளிகள் பலவற்றில் இது ஊரறிந்த வழக்கம். சில இடங்களில் ஜூன் மாதமே தொடங்கிவிடுகிறார்கள். சில இடங்களில் அரையாண்டுத் தேர்வு வரை பொறுத்திருந்து, ஜனவரியில் பத்தாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுக்கிறார்கள். அட்மிஷன் போடும்போது இதைப் பெருமையாகவே உங்களிடம் சொல்லியிருப்பார்கள்: "நைன்த்லயே டென்த் போர்ஷனை முடிச்சிடுவோம் சார். டென்த் முழுக்க ரிவிஷன்தான்." நீங்களும் நல்ல பள்ளிக்கூடம் என்ற நிம்மதியோடு ஃபீஸ் கட்டிவிட்டு வந்திருப்பீர்கள்.

நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுப்பவள். அந்த ரிவிஷனில் விளைந்தது எதுவோ அது ஒவ்வொரு ஜூனிலும் என் வகுப்புக்குத்தான் வந்து சேர்கிறது. பத்தாம் வகுப்பில் தொண்ணூறுக்கு மேல் வாங்கிய பிள்ளைகள். கணக்கு குரூப் வேண்டுமென்று கேட்டு வாங்கியவர்கள். மேலே x² − 9, கீழே x² + 6x + 9 என்று எழுதிச் சுருக்கச் சொன்னால், கை தயங்காமல் மேலே ஒரு x², கீழே ஒரு x² என்று அடிக்கிறார்கள். "ஏன் அடிச்சே?" என்று கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதானே மிஸ்" என்கிறார்கள். காரணிப்படுத்தினால் (x − 3)-ஐ (x + 3)-ஆல் வகுப்பது வரும். பெருக்கலாக இருப்பதைத்தான் அடிக்கலாம், கூட்டலாக இருப்பதை அடிக்கக் கூடாது. இது ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தில் படிந்திருக்க வேண்டிய விஷயம். அந்தப் பாடம் அவர்களுக்கு நடக்கவே இல்லை. பிள்ளைமேல் எந்தத் தப்பும் இல்லை.

ஒன்பதாம் வகுப்பைத் தாண்டிப் போவதால் என்ன குறைந்துவிடும் என்று நினைப்பீர்கள். பொதுத் தேர்வு இல்லாத வருஷம்தானே. இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். இயற்கணிதம், வடிவியல், ஆயத்தொலை வடிவியல், முக்கோணவியல், அளவியல் என்று தலைப்புகள் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கின்றன. தலைப்பு ஒன்றாக இருப்பதால் 'அதே பாடம்தான், பெரிய வடிவில் பத்தில் வருகிறது' என்று ஒரு நினைப்பு. உண்மையில் ஒன்பது எங்கே நிற்கிறதோ அங்கிருந்துதான் பத்து தொடங்குகிறது. இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தொலைவு, நடுப்புள்ளி, பிரிவுச் சூத்திரம் எல்லாம் ஒன்பதில் முடிந்துவிடும். பத்தில் எடுத்த எடுப்பில் முக்கோணத்தின் பரப்பு, சாய்வு, நேர்க்கோட்டின் சமன்பாடு. சராசரி, இடைநிலை, முகடு ஒன்பதில். திட்ட விலக்கமும் மாறுபாட்டுக் கெழுவும் பத்தில். சராசரியிலிருந்து ஒவ்வொரு எண்ணும் எவ்வளவு விலகி நிற்கிறது என்பதுதான் திட்ட விலக்கத்தின் பேச்சே. சராசரி எதற்கென்று தெரியாத பிள்ளைக்கு அது ஐந்து பத்திகள் உள்ள ஓர் அட்டவணை, கடைசியில் ஒரு வர்க்கமூலம், அவ்வளவுதான். நாற்று விடாமல் நடவுக்கு ஆள் கூப்பிட்ட கதை.

முக்கோணவியலைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதிகமான பிள்ளைகள் கைவிடுவது அதைத்தான். ஒன்பதாம் வகுப்பில் ஒரு செங்கோண முக்கோணத்தை வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் எது, அடுத்துள்ள பக்கம் எது, கர்ணம் எது என்று பார்க்கப் பழக வேண்டும். கோணம் மாறினால் எதிர்ப்பக்கமும் மாறும் என்பது கண்ணுக்குப் பழக வேண்டும். ஒரு சமபக்க முக்கோணத்தை நடுவில் செங்குத்தாகப் பிளந்தால் 30 டிகிரியும் 60 டிகிரியும் அதிலேயே கிடைக்கும். tan 60°-இன் மதிப்பு √3 என்பதைப் பிள்ளையே கண்டுபிடித்துவிடலாம். இதற்கு நிதானமான இரண்டு மூன்று பீரியடுகள் வேண்டும். இது இல்லாமல் நேரே பத்தாம் வகுப்பின் 'உயரங்களும் தொலைவுகளும்' பகுதிக்குப் போன பிள்ளை, மதிப்புகள் எழுதிய அட்டவணையை மனப்பாடமாக வைத்திருப்பான். கோபுரத்தின் உச்சி 60° ஏற்றக்கோணத்தில் தெரிகிறது என்று வினா வந்தால் கோபுரத்தைப் படமாக வரைவான். அந்தக் கோணத்தை எங்கே குறிப்பது என்பதில்தான் நின்றுபோவான். ஆசிரியர் போட்ட படம் நினைவுக்கு வந்தால் சரி; வினாவில் கப்பலும் கலங்கரை விளக்கமும் வந்து இறக்கக்கோணம் ஆகிவிட்டால், போச்சு. தப்பித் தவறிச் சரியாகப் போட்டு 30-ஐ √3-ஆல் வகுக்கும் இடம் வரை வந்துவிட்டாலும், அது 10√3 என்று எழுதத் தெரியாது. பகுதியில் உள்ள மூலத்தை நீக்குவது ஒன்பதாம் வகுப்பு 'மெய்யெண்கள்' இயலில் இருக்கிறது.

செய்முறை வடிவியல் இன்னும் வேடிக்கை. அடிப்பக்கம், உச்சிக்கோணம், நடுக்கோடு ஆகியவற்றைக் கொடுத்து முக்கோணம் வரையச் சொல்லும் கணக்கு ஒன்று பத்தில் உண்டு. அடிப்பக்கத்தை வரை, கீழ்ப்பக்கமாக அந்தக் கோணத்தைப் போடு, அதற்குச் செங்குத்து எடு, மையக்குத்துக்கோடு வெட்டும் இடத்தில் வட்டம் போடு, நடுப்புள்ளியிலிருந்து வில் வெட்டு. பிள்ளைகள் இதை அச்சுப் பிசகாமல் செய்வார்கள். முக்கோணம் கேட்டால் எதற்கு வட்டம் போடுகிறோம் என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பே அமைதியாகிவிடும். வட்டத்தின் ஒரே பக்க வில்லில் எந்தப் புள்ளியிலிருந்து பார்த்தாலும் அந்த நாண் ஒரே கோணத்தில்தான் தெரியும். அதனால்தான் உச்சியை அந்த வில்லின்மேல் தேடுகிறோம். கணிதத்தில் எனக்குப் பிடித்த உண்மைகளில் அது ஒன்று. அதுவும் ஒன்பதாம் வகுப்பில்தான் இருக்கிறது. எட்டு மார்க் வாங்கிவிட்டு, அந்த அழகைப் பார்க்காமலே போகிறான் பையன்.

மார்க் வந்துவிடுகிறதே, பிறகென்ன என்று நீங்கள் கேட்கலாம். வருகிறதுதான், அதை மறைக்க மாட்டேன். பத்தாம் வகுப்பு வினாத்தாள் அமைந்திருக்கும் விதம் அதற்கு இடம் கொடுக்கிறது. 100 மார்க்கில் ஒரு மார்க் வினாக்கள் 14. இரண்டு மார்க் பகுதியில் 14 கொடுத்து 10 எழுதச் சொல்கிறார்கள். ஐந்து மார்க் பகுதியிலும் அப்படியே. கடைசியில் வடிவியலுக்கு எட்டு, கிராஃபுக்கு எட்டு, இரண்டிலும் 'அல்லது' உண்டு. தேர்ச்சிக்கு 35. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு மார்க் விடைகளை மொத்தமாக உருப்போட்டால் 14, வடிவியலும் கிராஃபும் 16, ஆக 30. எப்படியாவது மூன்று இரண்டு மார்க் வினாக்களைத் தேற்றிவிட்டால் பாஸ். கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு இந்த வழியைத்தான் 'மினிமம் மெட்டீரியல்' என்று கையில் கொடுக்கிறார்கள். கரையேற முடியாத பிள்ளைக்கு அந்தக் கயிறு தேவைதான். அதைக் கொடுக்கும் ஆசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன். நன்றாகப் படிக்கக்கூடிய பிள்ளைக்கும் அதே கயிற்றைக் கொஞ்சம் நீளமாக்கிக் கொடுக்கிறார்களே, என் புகார் அதன்மேல்தான். ஒரே போர்ஷனை மூன்று முறை ஓட்டினால் சென்டம் வந்துவிடும் என்பது அந்த நீளமான கயிறு.

மூன்றாம் முறை அதே கணக்கைப் பார்க்கும்போது பிள்ளை அதைப் போடுவதில்லை, ஞாபகப்படுத்திக்கொள்கிறான். கிராஃப் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். y = x² − 4x + 3 வரைபடத்தை வரைந்து, அதைக்கொண்டு x² − 6x + 9 = 0 என்பதைத் தீர்க்கச் சொல்வார்கள். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து y = 2x − 6 என்ற கோட்டை எல்லாரும் வரைந்துவிடுவார்கள். எதற்காகக் கழித்தோம் என்று தெரிந்தவர்கள் குறைவு. சரி, அதை விடுங்கள். x = −1 என்று வைத்து மதிப்புக் காணும்போது −4 × −1 என்பது +4; ஆக 1 + 4 + 3, அதாவது 8. இதை 1 − 4 + 3 என்று போட்டு 0 எழுதும் பிள்ளை பலமுறை ரிவிஷன் முடித்த பிள்ளைதான். ரிவிஷனில் அவன் அட்டவணையை எழுதினான், பெருக்கிப் பார்க்கவில்லை. பரீட்சை ஹாலில் ஒரு மதிப்பு மறந்தபோது கை சொந்தமாக ஓடியது; அங்கேதான் பழைய ஓட்டை தெரிகிறது. ஒரு புள்ளி தப்பினால் வளைவரை கோணலாகிறது. இரண்டு மார்க்கிலும் ஐந்து மார்க்கிலும் கட்டாய வினா ஒவ்வொன்று வரும். புத்தகத்தில் இருப்பதைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுவிட்டால், பரீட்சை முடிந்து வெளியே வரும் பிள்ளை 'அவுட் ஆஃப் சிலபஸ்' என்கிறான். நீங்களும் டிவி மைக்கில் அதையே சொல்கிறீர்கள்.

இந்த ஊரில் இது புதிதும் இல்லை. மேல்நிலையில் இதே கதை நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு வருஷமும் பன்னிரண்டை நடத்தியதால், இன்ஜினியரிங் முதல் வருஷத்தில் பிள்ளைகள் கணக்கில் தடுமாறுகிறார்கள், நுழைவுத் தேர்வுகளில் திணறுகிறார்கள் என்று சொல்லித்தான் 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வைக் கொண்டுவந்தார்கள். ஒரு வருஷத்துப் பாடத்தை நடத்த வைக்க ஓர் அரசாங்கம் பொதுத் தேர்வே வைக்க வேண்டியிருந்தது. 2025-இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கை பிள்ளைகளின் சுமையைக் குறைப்பதற்காக அந்தத் தேர்வை எடுத்துவிட்டது. எடுத்தது நல்லதா இல்லையா என்று ஆசிரியர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. நான் சொல்ல வருவது வேறு: ஒன்பதாம் வகுப்புக்கும் ஒரு பொதுத் தேர்வு வைத்தால்தான் பாடம் நடக்கும் என்ற நிலைமைக்கு நாம் போகக் கூடாது. பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இருக்கிற பரீட்சையே போதும்.

பள்ளிகளிடம் கேட்டால் உங்களைக் கைகாட்டுகிறார்கள். "பேரன்ட்ஸ்தான் கேக்கறாங்க. பக்கத்து ஸ்கூல்ல முடிச்சிட்டாங்களாம், நீங்க ஏன் இன்னும் ஆரம்பிக்கலைன்னு சண்டை போடறாங்க." இதில் பாதியாவது உண்மை என்று எனக்குத் தெரியும். மாநில ரேங்க் பட்டியல் 2017-லேயே நின்றுவிட்டது. ஆனால் பள்ளி வாசலில் சென்டம் எண்ணிக்கை போட்ட ஃபிளெக்ஸ் நிற்கவில்லை. அதை நின்று படிப்பவர் நீங்கள். ஆசிரியர் கூட்டத்தில் ரிசல்ட் குறைந்தால் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டியவர் கணக்கு டீச்சர். அவர் ஜூனிலேயே பத்தைத் தொடங்குவது பாதுகாப்புக்காக. பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை தவறினால் அவர்மேல் கேள்வி வரும். ஒன்பதாம் வகுப்புப் பாடம் நடக்காமல் போனதற்கு இதுவரை எந்தப் பெற்றோரும் அவரைக் கேட்டதில்லை.

இதில் ஒரு கொடுமையும் நடக்கிறது, அதைப் பேசாமல் விட முடியாது. ஒன்பதில் பத்தாம் வகுப்புப் பாடத்தை நடத்தி, அதில் டெஸ்ட் வைத்து, அந்த மார்க்கைக் காட்டி, "உங்க பையனால முடியாது, வேற ஸ்கூல் பாத்துக்கங்க, டி.சி. வாங்கிக்கங்க" என்று சில பள்ளிகள் சொல்கின்றன. பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம் காட்டுவதற்கு எளிய வழி அது. எட்டாம் வகுப்பு வரை ஒழுங்காக வந்த பிள்ளை, தனக்குக் கணக்கே வராது என்று பதினான்கு வயதில் நம்பிவிடுகிறான். அவனுக்கு வராமல் போனது ஒரு வருஷம் முன்கூட்டி வந்த பாடம். அந்தப் பிள்ளையின் அம்மா அப்பா யாராவது இதைப் படித்தால்: டி.சி.யில் கையெழுத்துப் போடும் முன், எந்த வகுப்புப் பாடத்தில் வைத்த பரீட்சையில் அவன் ஃபெயிலானான் என்று கேளுங்கள். வினாத்தாளை வாங்கிப் பாருங்கள்.

எல்லாப் பிள்ளையும் பிளஸ் டூவில் கணக்கு எடுக்கப் போவதில்லை, இவ்வளவு ஆழம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. அரசு வேலைக்கான குரூப் நான்கு தேர்வை லட்சக்கணக்கில் எழுதுகிறார்கள். பத்தாம் வகுப்புத் தகுதிதான். அதில் 200 வினாக்களில் 25 திறனறிவு: சதவீதம், வட்டி, மீ.பொ.வ., மீ.சி.ம., பரப்பு, கன அளவு. இருபத்தைந்து வயதில் கோச்சிங் சென்டரில் பணம் கட்டி மறுபடி படிப்பது இதைத்தான். பாலிடெக்னிக் போனாலும் முதல் செமஸ்டரில் கணக்கு காத்திருக்கிறது.

பத்தாம் வகுப்பு பரீட்சைக்குத் தயாராவது முக்கியமில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் பிள்ளை எழுதினாலும் எனக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஒன்பதை ஒழுங்காகப் படித்த பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பின் எட்டு இயல்களையும் ஜூனில் தொடங்கி டிசம்பருக்குள் நிதானமாக முடித்துவிடலாம். ஜனவரியிலிருந்து திருப்புதல். அந்த மாதங்களில் பிள்ளை செய்ய வேண்டியது விடையை மூடிவைத்துவிட்டுப் போடுவது. தப்பாகப் போன கணக்குகளைத் தனி நோட்டில் எழுதி, ஒரு வாரம் கழித்து மறுபடி போட்டுப் பார்ப்பது. மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து ஒரு முழுத் தாள் எழுதிப் பழகுவது. ஐந்து மார்க் கணக்கில் விடை தப்பானாலும் சூத்திரத்துக்கும் படிகளுக்கும் ஸ்டெப் மார்க் உண்டு, அதனால் மனக்கணக்காகப் போட்டு விடையை மட்டும் எழுதக் கூடாது என்று சொல்லிக்கொடுங்கள். ரஃப் ஒர்க்கை அதே பக்கத்தின் ஓரத்தில் போடச் சொல்லுங்கள். கணக்கு பரீட்சைக்கு முதல் நாள் புதிதாக எதையும் தொட வேண்டாம். உங்களால் கணக்குச் சொல்லித்தர முடியாவிட்டால் பரவாயில்லை. "இந்த வரியிலேர்ந்து இந்த வரிக்கு எப்படி வந்தே?" என்று கேட்கப் பத்தாம் வகுப்புக்கூடப் படித்திருக்கத் தேவையில்லை. பிள்ளை சொல்லும்போது எங்கே தடுமாறுகிறதோ அங்கே ஒரு பென்சில் கோடு போட்டுக் கொடுத்தனுப்புங்கள். மீதியை டீச்சர் பார்த்துக்கொள்வார்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய போராட்டம் ஒன்றும் இல்லை. அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். எந்தெந்த இயல் நடந்திருக்கிறது, எது நடக்கவில்லை என்று பொருளடக்கப் பக்கத்தில் குறித்துத் தரச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்புப் பாடம் தொடங்கிவிட்டார்கள் என்றால், ஒன்பது முடியும்வரை அதை நிறுத்திவைக்கச் சொல்லிக் கேளுங்கள். தனியாகக் கேட்டால் சிரித்து அனுப்பிவிடுவார்கள். அதே வகுப்புப் பெற்றோர் நாலு பேர் சேர்ந்து, தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்து, மரியாதையாகக் கேளுங்கள். கணக்கு டீச்சரைக் கூப்பிட்டு நிற்கவைத்துக் கேட்காதீர்கள், முடிவெடுப்பது அவர் இல்லை. "அப்ப ரிசல்ட் குறைஞ்சா எங்களைக் கேக்கக் கூடாது" என்று பதில் வந்தால், கேட்க மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஏற்கெனவே பாதி வருஷம் போய்விட்டதென்றால், இயற்கணிதத்தில் காரணிப்படுத்துதல், மெய்யெண்கள், முக்கோணவியலின் முதல் பகுதி, இந்த மூன்றையாவது ஆண்டுத் தேர்வுக்குள் நடத்தித் தரச் சொல்லுங்கள். மே மாத ஸ்பெஷல் கிளாஸ் உண்டு என்று சுற்றறிக்கை வந்தால் பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

ஜூனில் புது அட்மிஷனுக்குப் போகிறவர்களும் இருப்பீர்கள். "ஒன்பதுலயே பத்து முடிச்சிடுவோம்" என்று அங்கே சொன்னால், அப்படியென்றால் ஒன்பதை எப்போது நடத்துவீர்கள் என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை ஃபீஸ் கட்டாமல் உட்கார்ந்திருங்கள்.

இப்படிக்கு,
பிளஸ் ஒன் கணக்கு டீச்சர் ஒருத்தி